உச்சிவெயிலும் ஒற்றை ஆளும்

2013 ஜூலை 13 அன்று வேல்ஸின் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகளில் பிரிட்டிஷ் ராணுவம் தன் சிறப்புப் படைக்கு ஆள் தேர்வு நடத்தியது. முதுகில் 20 கிலோவுக்கு மேல் சுமை, கையில் துப்பாக்கி, சுமார் 26 கிலோமீட்டர் மலைப்பாதை. துணைக்கு யாரும் கிடையாது. ஒவ்வொருவரும் தனியாகத்தான் நடந்து முடிக்க வேண்டும். அன்றைய வெயிலுக்கு மூன்று பேர் பலியானார்கள். இருவர் அன்றைக்கே இறந்தார்கள். மூன்றாமவர் இரண்டு வாரத்துக்கும் மேல் மருத்துவமனையில் போராடிவிட்டு இறந்தார். அன்று அங்கே அடித்த வெயில் 30 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருந்தது. மதுரையிலோ வேலூரிலோ கோடையில் அந்த அளவோடு நின்றால் இன்றைக்குப் பரவாயில்லை என்று பெருமூச்சு விடுவோம். மலையும் பெரிய மலை இல்லை; அந்தத் தொடரின் மிக உயர்ந்த சிகரமே 886 மீட்டர்தான், நம் ஏற்காட்டின் உயரத்தில் பாதியைச் சற்றுத் தாண்டும்.

கோடையில் மலையில் தனியாக நடந்து யாராவது இறந்தால் நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: உடம்பில் தெம்பில்லை, தண்ணீர் கொண்டுபோகவில்லை, விவரம் தெரியாமல் கிளம்பிவிட்டார். பிரெக்கன் பீக்கன்ஸில் இறந்தவர்களுக்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை. அவர்கள் பயிற்சி பெற்ற இளைஞர்கள். தண்ணீர் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்று காட்டும் ஜி.பி.எஸ். கருவிகூட அவர்களிடம் இருந்தது. 2015-ல் விசாரணையை முடித்த அதிகாரி, இந்த மரணங்களில் அலட்சியத்துக்குப் பங்குண்டு என்று தீர்ப்பளித்தார். வேறு சிலர் வெயில் தாங்காமல் முன்னதாகவே நடையிலிருந்து விலகியிருந்தார்கள். அப்போதே தேர்வை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஒருவர் நகராமல் ஒரே இடத்தில் கிடந்தால் எச்சரிக்கும் வசதியும் பயன்படுத்தப்படவில்லை. உடல் வலிமை, தண்ணீர், கருவி ஆகிய மூன்றும் இருந்தும் மூன்று உயிர் போனது என்றால், நாம் காரணத்தைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் பொருள். கோடை வெயிலில் தனியாக நெடுந்தூரம் நடப்பவரைக் காப்பது அவர் எந்த நேரத்தில் நடக்கிறார், எந்த நேரத்தில் நிற்கிறார் என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்த முடிவை மலையேறிய பிறகு எடுக்கலாம் என்று விட்டுவைத்தால், எடுப்பதற்குத் தகுதியான மூளை அந்த வேளையில் அவரிடம் இருக்காது.

உடம்பின் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். சுமையோடு மேட்டில் ஏறுபவர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 500 கிலோ கலோரி செலவிடுகிறார். அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நடையாக மாறுகிறது. மீதி 400 கிலோ கலோரி வெறும் சூடு. 70 கிலோ எடையுள்ள உடம்பின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 60 கிலோ கலோரிக்குள் போதும். அதாவது, சூடு வெளியேறவே வழியில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் ஆறேழு டிகிரி ஏறிவிடும். அப்படி ஏறாமல் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரியை எடுத்துக்கொண்டு போகும். அற்புதமான ஏற்பாடுதான். ஆனால் சுற்றியுள்ள காற்று நம் தோலைவிடச் சூடாகிவிட்டால், அதாவது 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், காற்றும் உடம்புக்குள் சூட்டைத் தள்ளத் தொடங்குகிறது. தலைக்கு மேலே சூரியன், காலடியில் காய்ந்த பாறை, முதுகோடு ஒட்டிய பை. உண்டாகும் சூட்டில் ஆறில் ஒரு பங்கு மட்டும் வெளியேறாமல் தேங்கினாலும் மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறும். 37-ல் கிளம்பிய உடம்பு மூன்று மணி நேரத்தில் 40-ஐத் தொடும். ஹீட் ஸ்ட்ரோக்கின் வாசல் அது. இந்தக் கணக்கில் காற்றின் வெப்பநிலையைவிட முக்கியமானது எவ்வளவு நேரம், எவ்வளவு சுமையோடு, இடைவிடாமல் ஏறினார் என்பது. 30 டிகிரியில் ஆள் சாகலாம் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதைக் கேட்டதும் எல்லோர் மனதிலும் எழுவது தண்ணீர். நிறையக் குடித்தால் சரியாகிவிடாதா? தண்ணீர் இல்லாமல் நடக்க முடியாது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீருக்கு எடை இருக்கிறது, குடலுக்கு எல்லை இருக்கிறது. அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை ஏறத்தாழ 4,265 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையை ஆண்டுதோறும் பலர் தனியாகவே நடக்கிறார்கள். வடக்கு கலிபோர்னியாவில் ஹேட் கிரீக் ரிம் என்று ஒரு மேட்டுநிலம் வருகிறது. கிட்டத்தட்ட 48 கிலோமீட்டருக்கு நம்பத்தக்க இயற்கை நீர் கிடையாது, நிழலும் அரிது. வடக்கு நோக்கி வருபவர்கள் அங்கே சேரும்போது பெரும்பாலும் ஜூலை. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் 12 மணி நேர நடை. பகலில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 12 லிட்டர், 12 கிலோ. அந்த 12 கிலோவைச் சுமப்பதற்கே உடம்பு மேலும் சூடாகும். சூடானால் மேலும் வியர்க்கும். வியர்த்தால் மேலும் தண்ணீர் வேண்டும். குடலும் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேல் உறிஞ்சாது. உப்பில்லாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து அது வேறொரு ஆபத்தாக முடியும். அங்கே நடப்பவர்களில் பலர் இதற்குக் கண்ட வழி எளிமையானது. பகலில் கீழே நிழலில் படுத்துக்கிடந்துவிட்டு மாலையில் ஏறி, இரவெல்லாம் தலைவிளக்கின் வெளிச்சத்தில் கடக்கிறார்கள். அதே பாதை, அதே உடம்பு, பாதித் தண்ணீர்.

நேரத்தைப் பற்றி நமக்குள்ள ஒரு தப்பெண்ணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். உச்சிவெயில் என்றால் பன்னிரண்டு மணி என்று நினைக்கிறோம். சூரியன் உச்சிக்கு வருவது அப்போதுதான். ஆனால் காற்றின் சூடு உச்சத்தைத் தொடுவது பிற்பகல் மூன்று, நான்கு மணியளவில். பாறைப் பள்ளத்தாக்குகளில் கல் குடித்த வெப்பம் இரவிலும் வெளிவந்துகொண்டிருக்கும். பன்னிரண்டுக்கு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் களைப்பு தீர்ந்தது என்று எழுந்து நடப்பவர், நாளின் மிக மோசமான இரண்டு மணி நேரத்துக்குள் நேராகப் போய் நுழைகிறார். மலைநடைக்கு நேரம் கணக்கிட உலகெங்கும் பயன்படும் நைஸ்மித் விதி 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி ஒருவர் வகுத்தது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி. அந்தக் குளிர்நாட்டுக் கணக்கில் வெயிலுக்கு இடமே இல்லை. அதைக் கோடையில் அப்படியே நம்பிப் போடும் திட்டம் பத்து மணிக்கே பொய்த்துவிடும்.

இனி மூளைக்கு வருகிறேன். என் வாதத்தின் மையம் அதுதான். உடம்பு சூடேறும்போது வலி முதலில் வருவதில்லை. எரிச்சல் வருகிறது, கால் இடறுகிறது, பேச்சு குழறுகிறது, பையிலிருக்கும் தண்ணீரை எடுத்துக் குடிக்கக்கூடத் தோன்றுவதில்லை. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்ற பிடிவாதம். பக்கத்தில் ஒருவர் இருந்தால், இவன் ஏன் இப்படி நடக்கிறான் என்று அவருக்குத் தெரியும். பிடித்து உட்காரவைப்பார், சட்டையை நனைப்பார். தனியாக நடப்பவருக்கு அந்தக் கண் கிடையாது. தன் நிலையை அளந்து சொல்ல அவரிடம் இருக்கும் ஒரே கருவி தன் மூளை. வெயில் முதலில் பழுதாக்குவதும் அதையே. பனியிலும் உயரத்திலும் இதுபோல் நேர்வதுண்டு. ஆனால் குளிர் நடுங்கவைத்து எச்சரிக்கிறது, உயரம் மூச்சிரைக்கவைக்கிறது. வெயிலின் எச்சரிக்கையோ சாதாரணக் களைப்பைப் போலவே இருக்கிறது. களைப்பைப் பொறுத்துக்கொண்டு நடப்பதைத்தான் நெடுந்தூர நடை ஒருவருக்குப் பல வாரங்களாகப் பழக்கியிருக்கிறது. அவருடைய நல்ல குணமே அவருக்கு எதிராகத் திரும்பும் இடம் இது.

அதனால்தான் முடிவுகளை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்கிறேன். எத்தனை மணிக்குள் எந்த இடம், அதற்குள் சேராவிட்டால் எங்கே திரும்புவது, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை எங்கே நிழலில் கிடப்பது என்பதையெல்லாம் முந்தின நாள் மாலையில் தெளிந்த தலையோடு தாளில் எழுதிவைப்பது. மறுநாள் அதை மறுபரிசீலனை செய்ய மறுப்பது. உட்கார்ந்துவிட்டாலே உடம்பில் உண்டாகும் சூடு ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிப்பதைவிட ஒரு மணி நேரம் நிழலில் இருப்பது பல சமயம் அதிகம் காக்கும். அரை லிட்டரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டால் குடலின் தயவில்லாமலே அது வியர்வையின் வேலையைச் செய்யும்.

பெரிய அளவில் இதைச் செய்துபார்த்த இடம் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன். மலையைக் கவிழ்த்துவைத்ததுபோன்ற நிலம் அது. சவுத் கைபாப் பாதை ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், காலைக் குளிரில் தொடங்கி, கொலராடோ ஆற்றை நோக்கி 1,400 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. வழியில் குடிநீர் இல்லை. இறங்க இறங்கச் சூடு ஏறும்; கோடையில் அடியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். எளிதான பாதி காலையில் முடிந்துவிட, ஏற்றமும் வெயிலும் சேர்ந்து பகலில் காத்திருக்கும். இறங்கும்போது உடம்பு எந்தக் குறையும் சொல்லாது. சொல்லத் தொடங்கும்போது திரும்பிப் போக ஒரு முழு மலை மேலே நிற்கும். 1996 கோடையில் மீட்புப் பணிகளும் மரணங்களும் மிகுந்ததைத் தொடர்ந்து, பூங்கா நிர்வாகம் 1997-ல் ஒரு தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. விழுந்தவர்களைத் தூக்கிவருவதோடு நிற்காமல், பாதைத் தொடக்கத்திலேயே ஆட்களை நிறுத்தி, இறங்க வருபவர்களிடம் பேசினார்கள்: எங்கே போகிறீர்கள், இப்போது மணி என்ன, பத்திலிருந்து நான்கு மணி வரை எங்கே இருப்பீர்கள். ஒரே நாளில் ஆறு வரை இறங்கி ஏற முயலாதீர்கள் என்ற பலகையும் அங்கே நிற்கிறது. தலை குளிர்ந்திருக்கும் இடத்துக்கே முடிவை நகர்த்துகிறார்கள். மீட்புப் பணி பற்றி நான் படித்தவற்றில் இதைவிட அறிவார்ந்த ஏற்பாடு வேறில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் சில வலுவானவை. வெயில் நமக்குப் பழக்கம் என்று தமிழர்கள் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பழக்கம் உண்மைதான், பத்துப் பதினான்கு நாள் வெயிலில் உழைத்தால் உடம்பு சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்கிறது, வியர்வையில் உப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஆனால் அதிகம் வியர்ப்பவருக்கு அதிகம் தண்ணீர் வேண்டும். சில வாரம் குளிர்சாதன அறையில் உட்கார்ந்தால் அந்தப் பழக்கமும் கரைந்துபோகும். தமிழ்நாட்டில் பிறந்தோம் என்பதற்காக அது ஒட்டிக்கொண்டிருக்காது. உண்மையிலேயே வெயிலில் வாழ்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். வயலில் வேலை செய்பவர்கள் விடியுமுன் இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறுகிறார்கள். வெள்ளியங்கிரியின் ஏழு மலையை மாசி முதல் சித்திரை வரை ஏறும் பக்தர்களில் பெரும்பாலோர் இரவில்தான் கிளம்புகிறார்கள். வெயிலுக்குப் பழகியவர்களின் பழக்கத்தில் பெரும்பகுதி, வெயிலில் போகாமல் இருக்கும் பழக்கம்.

இரண்டாவது வாதம் கருவி பற்றியது. சாட்டிலைட் வழியாக அபாயச் செய்தி அனுப்பும் கருவிகள் மலிந்துவிட்டன. 2022 நவம்பரிலிருந்து சில ஐபோன்களே அதைச் செய்கின்றன. பிறகு என்ன பயம்? கால் முறிந்தவருக்கு அந்தக் கருவி உயிர் காக்கும். அதைக் கொண்டுபோகாமல் இருக்க எந்த நியாயமும் இல்லை. ஹீட் ஸ்ட்ரோக்கில் நிலைமை வேறு. முதல் அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர்வித்தால் பெரும்பாலும் பிழைக்கலாம். அதன்பின் ஒவ்வொரு நிமிடமும் உறுப்புகளைத் தின்னும். எட்டாத மலையில் அரை மணி நேரத்துக்குள் யார் வந்து சேர முடியும்? சூடான, மெல்லிய காற்றில் ஹெலிகாப்டரின் தூக்குவிசையும் குறைகிறது. வெயில் கடுமையான நாளில்தான் மீட்பும் கடினம். பொத்தானை அழுத்த வேண்டும் என்று தோன்றுவதற்கும் தெளிந்த மூளை வேண்டும். இந்திய மலைகளில் நடப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியில்லாமல் சாட்டிலைட் போனோ செய்திக் கருவியோ வைத்திருப்பது இங்கே குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டினர் விமான நிலையங்களிலேயே பிடிபட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு அச்சத்தால் வந்த சட்டம். மலையேறிகளுக்கென்று எளிய அனுமதி முறை ஒன்றை அரசு உண்டாக்கினால் உயிர்கள் மிஞ்சும்.

அப்படியானால் தனியாகப் போவதையே தடை செய்துவிடலாமே என்பார்கள். நேபாளம் அதைத்தான் செய்தது; 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டினர் வழிகாட்டி இல்லாமல் மலையேறக் கூடாது என்று அறிவித்தது. உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கும் என்ற அளவில் அதில் நியாயம் இருக்கிறது. தடை எல்லா இடத்துக்கும் மருந்தாகும் என்று நான் நம்பவில்லை. கூட்டமாகப் போனாலும், பின்தங்குகிறோமே என்ற வெட்கத்தில் நிற்காமல் நடந்து சுருண்டு விழுகிறவர்கள் உண்டு. கூட்டத்துக்கும் கடிகாரம் இல்லையென்றால் அதே கதிதான். 1955-ல் எம்மா கேட்வுட் 67 வயதில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். அவருக்கு வழித்துணை கட்டாயம் என்று அன்றொரு விதி இருந்திருந்தால் உலகம் ஒன்றை இழந்திருக்கும். தனிநடை மனிதருக்குத் தருவதை வேறெதுவும் தருவதில்லை. அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதால்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

மிகவும் யோசிக்கவைக்கும் எதிர்ப்பு இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. சுதந்திரத்துக்காகத்தானே தனியாக மலைக்குப் போகிறோம், அங்கேயும் அலுவலகம்போல் கால அட்டவணையா? இந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். ஆனால் ஹேட் கிரீக் ரிம்மை இரவில் கடப்பவர் எந்தச் சுதந்திரத்தை இழந்தார்? பகல் முழுதும் ஒரு மரத்தடியில் ஒன்றும் செய்யாமல் கிடக்கும் உரிமையை அவர் எடுத்துக்கொண்டார். நடையின் சுதந்திரத்தைப் பறிப்பது அட்டவணையைவிட, நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற இலக்கும், பயணச்சீட்டும், விடுமுறை முடியும் தேதியும்தான். ஜூன் நடுவில் மட்டுமே லீவு கிடைத்ததால் ஜூன் நடுவில் பசிபிக் கிரெஸ்ட் டிரெயிலின் பாலைவனப் பகுதியில் இறங்குபவரின் முடிவை எடுத்தது அவருடைய அலுவலகம். அப்படிப்பட்டவர் வடக்கே, குளிர்ந்த பகுதியில் தொடங்கலாம். பாதையைத் துண்டுகளாக்கி வேறு பருவத்தில் மீதியை நடக்கலாம்.

பருவமே இடம்மாறிக்கொண்டிருக்கும்போது இது இன்னும் அவசரமாகிறது. 2024 ஜூனில் கிரீஸ் தன் பதிவுகளிலேயே மிக முன்கூட்டிய வெப்ப அலையைச் சந்தித்தது. அந்த மாதம் தீவுகளின் பாறைப் பாதைகளில் தனியாக நடக்கப்போன பயணிகள் பலர் காணாமல்போனார்கள், சிலர் இறந்து கிடந்தார்கள். பி.பி.சி.யில் உடல்நல நிகழ்ச்சிகள் வழங்கிய, மருத்துவம் படித்த மைக்கேல் மோஸ்லி அவர்களில் ஒருவர். சிமி தீவில் நடந்துபோனவரின் உடல், கடற்கரை விடுதி ஒன்றுக்கு மிக அருகே நான்கு நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டது. மரணத்தின் காரணத்தை விசாரணையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெயில் ஒரு சாத்தியம் என்ற அளவில் நின்றது. ஜூன் தொடக்கம் நடைக்கு ஏற்ற காலம் என்று எழுதிய பழைய வழிகாட்டி நூல்கள் இனி உதவாது. அந்த வெப்ப அலையின்போது கிரீஸ் அரசு ஏதென்ஸின் அக்ரோபோலிஸை நண்பகல் முதல் மாலை ஐந்து மணி வரை மூடியது. யாரும் வரக் கூடாது என்று சொல்லவில்லை. இந்த மணியில் வராதீர்கள் என்றது. மலைப்பாதைகளுக்கும் அந்த மாதிரி விதிதான் வேண்டும். ஆளின் எண்ணிக்கையை எண்ணி அனுமதி தருவதோடு, கோடையில் இந்த மணிக்குப் பிறகு இந்த வாசலிலிருந்து இறங்க முடியாது என்று கதவைச் சாத்துவது. அன்றைய வெப்பநிலை, அடுத்த தண்ணீர் எங்கே, கடைசி நிழல் எங்கே என்று வாசலிலேயே எழுதிவைப்பது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. தனியாகப் போகிறவர் புறப்படுமுன் பாதையின் பெயர், தங்குமிடங்கள், அந்தப் பகுதி மீட்புக் குழுவின் தொலைபேசி எண், இத்தனை மணிக்குள் என் செய்தி வராவிட்டால் அழைத்துவிடு என்ற நேரம் ஆகியவற்றை எழுதி ஒருவரிடம் கொடுக்க வேண்டும். தாளை வாங்கிக்கொண்டவர் அந்த நேரம் வந்ததும், சிக்னல் இல்லாமல் இருக்கும், இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் அழைக்க வேண்டும்.